முதல் இதயம்

கிதினியா துறைமுகத்தில் என் நாற்காலி
நாற்பத்திரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது.
காலுக்குக் கீழே கண்ணாடி,
கண்ணாடிக்குக் கீழே கப்பல்.
ஒரு ஷிஃப்டுக்கு நூற்றெண்பது பெட்டிகள்.
தூக்கு, நகர்த்து, இறக்கு.

சரியாக இறங்கிய பெட்டிக்குச்
சத்தமே கிடையாது.
பதினாறு வருடத்தில் வாக்கிடாக்கி
என் பெயரைச் சொன்னதெல்லாம்
"ஹால்ஷ்கா, இடப்பக்கம் இடிக்கிறது"
"ஹால்ஷ்கா, தூங்கிவிட்டாயா"
இவ்வளவுதான்.

அதனால்தான் என்று சொல்ல மாட்டேன்.
அதனாலும்தான்.

ஒரு பிப்ரவரிக் காலை
ஆறவைத்த பால்போலக்
கடல் ஏடு கட்டியிருந்தது.
படம் எடுத்துப் போட்டேன்.
போனைப் பையில் வைப்பதற்குள் ஓர் அதிர்வு.
தொடையில்தான் அதிர்ந்தது,
தித்தித்தது நாக்கின் அடியில்.

ஹெரிபெர்தோ ஓயார்சுன், பூன்டா அரேனாஸ்.
வரைபடத்தில் தேடினேன்:
உலகம் முடிகிற இடத்துக்குச் சற்று மேலே.
அங்கே அப்போது மணி மூன்றரை, கும்மிருட்டு.
ஏன் விழித்திருந்தார்?
கேட்கவில்லை.
கொடுக்கிற கையைப் பிடித்துக்
கணக்கா கேட்பார்கள்?

பிறகு அது பழகிவிட்டது.
கொக்கியில் உட்கார்ந்த கடற்காகம்,
என் மதிய ரொட்டி,
மூடுபனியில் கால் மட்டும் தெரிந்த
பக்கத்துக் கிரேன்,
எதைப் போட்டாலும் முதல் இதயம் அவருடையது.
என் தங்கை டோப்ரோஹ்னா
மூன்றாம் நாள் வருவாள், எல்லாவற்றுக்கும் சேர்த்து.

அழகானதைப் பார்த்தால்
முன்பெல்லாம் நின்றுவிடுவேன்.
இப்போது குனிகிறேன்.

எல்லா நாளும் இனிப்பு இல்லை.
இரவு பதினொன்றுக்குப் படுக்கையில்,
வெந்ததா வெந்ததா என்று
மூடியைத் திறந்து பார்ப்பவள்போல
அந்தச் சதுரத்தைத் திறந்து திறந்து பார்ப்பேன்.
திறந்தால் வேகாது என்று தெரியும்.
ஏழு பேர்.
ஏழே பேர்.
பக்கத்தில் காஸ்பெர்
தன் திரையின் நீல வெளிச்சத்தில்
தாடியோடு மிதந்துகொண்டிருப்பார்.
அவருக்கும் எங்கோ ஏழு பேர்.

மே மாதம் நிர்வாகம் சொன்னது:
போன்கள் எல்லாம் கீழே, பூட்டுப் பெட்டியில்.
ஷிஃப்ட் முடிந்து ஏணி இறங்கியதும்
கழிவறைக்குக்கூடப் போகாமல்
அந்தப் பெட்டியின் முன் நிற்போம்,
பதினொரு பேர், தலை குனிந்து.
பார்க்கிறவர் பிரார்த்தனை என்பார்.
அவ்வளவு பெரிதில்லை.
கடந்த எட்டு மணி நேரம்
நான் இருந்தேனா என்று கேட்கிறோம்.
இருந்தாய், என்கிறது ஒரு சிவப்புப் புள்ளி.
சில நாள் புள்ளியைத் திறந்தால்
தண்ணீர்க் கட்டணம்.

அக்டோபரில் ஹெரிபெர்தோ வருவது நின்றது.
தெற்கே போகும் வாத்துக் கூட்டத்தைப் போட்டேன்.
நாற்பது இதயங்கள், என் வாழ்நாள் அதிகம்.
பந்தியில் முதல் இலை மட்டும்
ஆளில்லாமல் கிடப்பதுபோல் இருந்தது.

"நலமா?" என்று எழுதினேன்.
அழித்தேன்.
அவர் குரல் தெரியாது, உயரம் தெரியாது,
எந்த உரிமையில் கேட்பது?
மூன்று வருடத்தில் ஒருமுறைகூட
அவர் பக்கத்துக்கு நான் போனதில்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.

போனேன்.
காலிப் பேருந்து,
ஓட்டுநர் இருக்கையிலிருந்து எடுத்தது.
பனி.
காலிப் பேருந்து.
கடைசி நிறுத்தத்தில் ஒரு நாய்.
பின் இருக்கையில் யாரோ விட்டுப்போன
ஒற்றைக் கையுறை, குழந்தையுடையது.
நூற்றிருபது படங்கள்.
ஒரே ஒரு படத்தில் ஒரே ஓர் இதயம்,
அதுவும் அவரே போட்டுக்கொண்டது.

காஸ்பெர் தூங்கிவிட்டார்.
அடியிலிருந்து தொடங்கி மேலே வந்தேன்,
ஒவ்வொன்றாக,
பெட்டி இறக்குவதுபோல, இடிக்காமல்.
முடிக்கும்போது ஜன்னல் வெளுத்திருந்தது.
அங்கே எந்த மேசையிலோ, எந்தச் சட்டைப்பையிலோ
அது நூற்றிருபது முறை அதிர்ந்திருக்கும்,
யாராவது சார்ஜ் போட்டு வைத்திருந்தால்.

கையுறையை மட்டும்
இதயம் போட்ட பிறகும்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.